ஒரிஜினல் சான்றிதழைப் பள்ளியில் விட்டுவிட்டு வராதீர்கள்

தனியார் பள்ளிகளில் ஆள் எடுக்கும் நேரம் இது. புதிதாக பி.எட். முடித்தவர்கள் ஒரு நிமிடம் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒப்பந்தத்தை மீறியது நான்தான். ஒரு மெட்ரிக் பள்ளியில் 11,000 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். காலாண்டு விடுமுறை முடிந்ததும் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் 18,000 தருகிறோம் என்றார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நடுவில் விட்டுவந்தது தப்புதான், அது இன்னும் உறுத்துகிறது.

ஆனால் சேர்ந்த அன்று நடந்ததைக் கேளுங்கள். 20 ரூபாய் முத்திரைத்தாளோடு மூன்று பக்கம் நீட்டினார்கள். "சும்மா ஃபார்மாலிட்டிதான் மேடம்" என்றார் கிளார்க். மூன்றாம் பக்கத்தை நான் படிக்கவே இல்லை. கல்வியாண்டு முடியும் முன் விலகினால் மூன்று மாதச் சம்பளம் கட்ட வேண்டும் என்பது அங்கேதான் இருந்தது. அப்புறம் 'வெரிஃபிகேஷனுக்கு' என்று பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் பி.எட். பட்டம் வரை எல்லா ஒரிஜினலையும் வாங்கி, ஃபைலில் போட்டு, பீரோவில் பூட்டிவிட்டார்கள். ரசீது கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

ஒரு மாதம் முன்பே ராஜினாமா கடிதம் கொடுத்தேன். தாளாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "33,000 கட்டிட்டு ஃபைலை எடுத்துட்டுப் போங்க."

தெரிந்த வக்கீல் அண்ணன்தான் புரியவைத்தார். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதானாம். கோர்ட் அதற்குள் நியாயமான இழப்பீட்டை மட்டுமே தரச் சொல்லும். பாக்கி இருந்தால் வழக்குப் போடட்டும், சான்றிதழை அடகு நகை மாதிரி பிடித்து வைக்க முடியாது என்றார். இதெல்லாம் முன்னாலேயே தெரிந்திருந்தால் ஒரிஜினலைக் காட்டிவிட்டு, ஜெராக்ஸை மட்டும் கொடுத்திருப்பேன். (புதுப் பள்ளியிலும் ஒரிஜினல் கேட்டார்கள். அங்கேயும் ஒரு பீரோ இருக்கிறது!)

நோட்டீஸ் போனதும் தாளாளர் இறங்கிவந்தார். கோர்ட்டுக்கு அலையத் தெம்பில்லாமல் ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டி, ரசீதோடு ஃபைலை வாங்கினேன். வீட்டில் வந்து பிரித்தால், பி.எட். பட்டத்தின் ஓரத்தில் பஞ்சிங் மெஷின் போட்ட இரண்டு ஓட்டைகள். ஒன்று பல்கலைக்கழக முத்திரை மேலேயே விழுந்திருந்தது.