கூம்பு அறையா, நியான் குருவியா: ரூட் 66இல் ஒரு ராத்திரி எங்கே தங்கலாம்?

ரூட் 66, அதாவது அமெரிக்காவில் சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் போகும் அந்தப் பழைய நெடுஞ்சாலையில், பயணத்துக்குத் திட்டம் போடுகிற எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்த இரண்டு பெயர்களில் வந்து நின்றுவிடுகிறார்கள். ஒன்று அரிசோனாவின் ஹோல்புரூக்கில் இருக்கும், ஒவ்வொரு அறையும் கூம்புக் கூடார வடிவில் நிற்கும் விக்வாம் மோட்டல், மற்றது நியூ மெக்ஸிகோவின் டுகும்காரியில் இருக்கும், நியான் குருவிப் பலகைக்குப் பெயர்போன புளூ ஸ்வாலோ மோட்டல். இரண்டுமே அறைகள் குறைவான, பழைய, உண்மையான இடங்கள். ஒரு ராத்திரிதான் இருக்கிறது என்றால் நான் புளூ ஸ்வாலோ பக்கம்தான். விக்வாமைப் பார்க்காமல் போகக் கூடாது, ஆனால் பார்ப்பது வேறு, தங்குவது வேறு.

இவை ஏன் இப்படி இருக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1926இல் ரூட் 66க்கு எண் கொடுத்த காலத்தில், வழியில் தங்க இடம் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் சொந்த முதல் போட்ட தனி ஆட்கள். வேகமாகக் கடந்து போகிற ஓட்டுநரின் கண்ணைப் பிடிக்க அவர்களுக்குக் கிடைப்பது சில நொடிகள். ஊர் ஊராக ஒரே பெயர், ஒரே அறை என்கிற ஹாலிடே இன் 1952இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு உங்கள் கட்டடம்தான் உங்கள் விளம்பரம்.

விக்வாமின் மூலம் அரிசோனாவில் இல்லை, கென்டக்கியில். ஃபிராங்க் ரெட்ஃபோர்ட் என்பவர் 1930களில் ஹார்ஸ் கேவ் என்ற ஊரில் கூம்பு வடிவில் கடை போட்டு, பிறகு அதைச் சுற்றி அதே வடிவில் தங்கும் அறைகளைக் கட்டி, அந்த வடிவமைப்புக்கு 1936இல் காப்புரிமையும் வாங்கினார். இப்படிக் கூம்பு அறைகள் கூடிய மோட்டல்கள், அவர்கள் சொன்னபடி ‘கிராமங்கள்’, மொத்தம் ஏழு எழுந்தன, இன்று நிற்பவை மூன்று. ஹோல்புரூக்கில் இருப்பது ஆறாவது. செஸ்டர் லூயிஸ் 1950இல் கட்டி முடித்தது. இவர் ரெட்ஃபோர்டுக்கு உரிமைத் தொகை கொடுத்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்: அறைகளில் காசு போட்டால் பாடுகிற ரேடியோ, 10 சென்ட் போட்டால் அரை மணி நேரம், அப்படிச் சேர்ந்த காசு ரெட்ஃபோர்டுக்குப் போய்விடும்.

வெளியிலிருந்து பார்த்தால் விக்வாமுக்கு ஈடே இல்லை. வெள்ளைக் கூம்புகள் பதினைந்து, இடுப்பில் சிவப்புக் கோடு, ஒவ்வொன்றின் முன்பும் பழைய கார் ஒன்று. புகைப்படம் எடுக்கிறவர்கள் வெயில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுங்கள். உள்ளே போனால்தான் வடிவத்தின் விலை தெரியும். சுவர் மேலே போகப் போக உள்பக்கம் சாய்கிறது, அதனால் தரையில் இருக்கும் இடம் முழுவதையும் நிமிர்ந்து நின்று பயன்படுத்த முடியாது. குளியலறை சின்னது. ஹிக்கரி மரக் கட்டிலும் மேசையும் அந்தக் காலத்தவை, அழகானவை, ஆனால் இரண்டு பேர் இரண்டு பெரிய பெட்டிகளோடு போனால் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்தால்தான் மற்றவர் நடக்கலாம். பக்கத்திலேயே ரயில் பாதை, ராத்திரியிலும் சரக்கு ரயில் போகும். லேசாகத் தூங்குகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. கூம்புக் கூடாரம் வடக்கே பெரும் சமவெளியில் எருமைகளைத் தொடர்ந்து இடம் மாறிய மக்களுடையது. ஹோல்புரூக்குக்கு வடக்கில் இருக்கும் நவஹோ மக்கள் மரத்தாலும் மண்ணாலும் ஹோகன் கட்டி வாழ்ந்தவர்கள், ஹோப்பி மக்களுடையவை கல் வீடுகள். சொந்த ஊர்க்காரர்களின் வீட்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, வேறு யாருடையதையோ சிமென்டில் வார்த்து ‘செவ்விந்தியர்’ என்று விற்ற காலம் அது. மோட்டலை வெறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அங்கே போகிறவர்கள், முக்கியமாகக் குழந்தைகளோடு போகிறவர்கள், இதைத் தெரிந்துகொண்டு போகலாம்.

இப்போது புளூ ஸ்வாலோ. கட்டடம் என்று பார்த்தால் சாதாரண ஒற்றை மாடி, இளஞ்சிவப்புப் பூச்சு, சுவரில் சிப்பி வடிவங்கள், அவ்வளவுதான். பகலில் வேகமாகப் போனால் கவனிக்காமலேயே கடந்துவிடலாம். இருட்டியதும்தான் இடம் மாறுகிறது: நீல நியானில் தகைவிலான் குருவி பறக்கும், கீழே ‘நூறு சதவீதம் குளிரூட்டிய காற்று’ என்று ஆங்கிலத்தில் ஒளிரும், கூரை ஓரமெல்லாம் வெளிச்சக் கோடு. ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் அறைக்கு ஒட்டினாற்போல இருக்கும் காரேஜ். 1940 வாக்கில் பாலைவனத்தில் நாள் முழுக்க ஓட்டி வந்தவருக்கு என்ன தேவை என்று யோசித்தவர் கட்டியது அது. காரை உள்ளே விடு, கதவைச் சாத்து, பக்கத்துக் கதவைத் திறந்து படு. விக்வாம் ‘வந்து பார்’ என்று கூப்பிடுகிறது, இது வந்தவரைக் கவனித்துக்கொள்கிறது.

கட்டடக் கலைஞர்கள் ராபர்ட் வென்டுரியும் டெனிஸ் ஸ்காட் பிரௌனும், தன் வடிவமே விளம்பரமாக இருக்கும் கட்டடத்தை ‘வாத்து’ என்றும், சாதாரணக் கட்டடத்தில் பலகையும் அலங்காரமும் மாட்டியதை ‘அலங்கரித்த கொட்டகை’ என்றும் பிரித்தார்கள். லாங் ஐலண்டில் ஒரு வாத்துப் பண்ணைக்காரர் 1931இல் வாத்து வடிவிலேயே கட்டிய கடையிலிருந்து முதல் பெயர் வந்தது. அந்த வாத்தின் கண்கள் ஃபோர்டு மாடல் டி காரின் பின்விளக்குகள். விக்வாம் ஒரு வாத்து, புளூ ஸ்வாலோ ஒரு கொட்டகை. தங்குவதற்குக் கொட்டகைதான் நல்லது என்பது என் கட்சி, ஏனென்றால் அங்கே வேடிக்கை முழுவதையும் பலகை சுமந்துகொள்கிறது, அறை அறையாகவே இருக்கிறது.

இரண்டையும் கொல்லப் பார்த்தது ஒரே ஆள்தான்: ஐ-40 விரைவுச்சாலை. ஊருக்கு வெளியே சாலை போனதும் வண்டிகள் நின்றுபோயின. ஹோல்புரூக்கில் அறைகள் மூடிக் கிடந்து, லூயிஸ் இறந்த பிறகு குடும்பத்தார் 1988இல் திரும்பத் திறந்தார்கள். டுகும்காரியில் லிலியன் ரெட்மன் மூடவே இல்லை. 1958இல் நிச்சயதார்த்தப் பரிசாக அந்த மோட்டலைப் பெற்றவர் அவர். 1990களின் இறுதிவரை அவரே நடத்தினார், காசு இல்லாதவர்களையும் தங்கவைத்தார். புளூ ஸ்வாலோ பக்கம் நான் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. விக்வாமில்தான் தூங்க வேண்டும், ஆனால் வசதியும் வேண்டும் என்பவர்களுக்குக் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கிளை பொருந்தும். நீச்சல் குளம் உண்டு, மோசமான நிலைக்குப் போயிருந்த இடத்தை 2003இல் ஒரு குஜராத்திக் குடும்பம் வாங்கிச் சீராக்கியது. கென்டக்கியின் கேவ் சிட்டி கிளை 1937இல் கட்டியது, மாமத் குகைக்குப் போகிறவர்களுக்குச் சரி, ரூட் 66க்குச் சம்பந்தமில்லை. சான் லூயிஸ் ஒபிஸ்போவின் மடோனா இன் ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு வேடம் போட்ட 110 அறை விடுதி, அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இரண்டு ராத்திரி கிடைத்தால் இரண்டிலும் தங்குங்கள். மேற்கு நோக்கிப் போகிறவர்கள் முதல் ராத்திரி டுகும்காரியில், நியான் எரியத் தொடங்கும் நேரத்துக்கு முன்பே. மறுநாள் ஹோல்புரூக்குக்கு சுமார் 650 கிலோமீட்டர். கோடையில் அரிசோனாவில் நுழையும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அந்த நேரம் லாபம். மரங்கள் கல்லாக மாறிக் கிடக்கும் கல்மரக் காட்டுத் தேசியப் பூங்கா வழியிலேயே வந்தாலும் மாலையில் கேட்டை மூடிவிடுவார்கள், அவசரப்பட்டு உள்ளே போகாதீர்கள். விக்வாமில் தூங்கி எழுந்து, காலையில் 40 கிலோமீட்டர் திரும்பி வந்து நிதானமாகப் பாருங்கள்.