உப்புக்காற்றில் ஒரு வார்ப்பிரும்பு வாணலி: வீட்டு ஹாஷுக்கு வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாணலி நல்ல வாணலிதான். பத்து அங்குல அகலம், தட்டை அடி, இரண்டு அங்குலத்துக்குக் கிட்ட ஓரம், நீளமாக ஒரு கைப்பிடி, எதிர்ப்பக்கம் தூக்குவதற்கு ஒரு சின்னக் காது, எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. ஆனால் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவர்கள் வாங்குமுன் யோசிக்க வேண்டிய சங்கதிகள் இருக்கின்றன. ஆன்லைனில் ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை, எல்லோரும் பெங்களூரிலும் புனேயிலும் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள் போல.

வாங்கியது ஹாஷுக்காக. துபாயில் வேலை பார்த்தபோது அமெரிக்க டைனர் (அந்த ஊர்ச் சாதாரணச் சாப்பாட்டுக் கடை) பாணியில் நடத்தும் ஒரு கடையில் இதைச் சாப்பிட்டுப் பழகிவிட்டது. உப்பில் ஊறிய மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாவற்றையும் சின்னதாக அரிந்து, சூடான கல்லில் பரப்பி, அடி முறுகும்வரை சும்மா விட்டுப் புரட்டி, மேலே இரண்டு முட்டை. காலையில் ஒரு தட்டு பசியாறினால் மதியச் சாப்பாடு அஸர் தொழுகை நேரம் வரை தள்ளிப்போகும். பெரிய ஓட்டல் பண்டம் ஒன்றும் கிடையாது. டைனர் என்பதே 1872-இல் அமெரிக்காவின் ப்ராவிடன்ஸ் நகரத்தில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் சாப்பாடு வைத்து, இரவு வேலை பார்க்கும் பத்திரிகை ஆபீஸ் ஆட்களுக்கு விற்றதிலிருந்து வந்ததுதான். ஹாஷும் மிஞ்சிய கறியையும் கிழங்கையும் வீணாக்காமல் ஒப்பேற்றுகிற வேலை.

டைனரில் இருப்பது தடியான இரும்புப் பலகை. நம்ம பரோட்டா மாஸ்டர் கொத்துப் பரோட்டா அடிக்கும் கல்லும் அதே சரக்குதான், எவ்வளவு கொட்டினாலும் சூடு இறங்காது. வீட்டில் அது எப்படி வரும்? நான்-ஸ்டிக் லேசானது, ஆறிய கிழங்கைக் கொட்டியதும் சூடு விழுந்து கிழங்கு வேகுமே தவிர முறுகாது. போதாததற்கு அந்தப் பூச்சை 260 டிகிரிக்கு மேல் காய விடவும் கூடாது. இரும்புச் சட்டி குழிவு, எல்லாக் கிழங்கும் நடுவில் போய்ச் சேர்ந்து ஒன்றன்மேல் ஒன்று புழுங்கும். தோசைக்கல் சூட்டில் குறையில்லை, ஆனால் ஓரம் கிடையாது, புரட்டினால் பாதி பர்னரில் கிடக்கும். தட்டை அடி, நல்ல கனம், சுற்றி ஓரம், மூன்றும் சேர்ந்து இருப்பது இந்த வாணலியில்தான், இந்த ஒரு விஷயத்தில் கொடுத்த காசுக்குக் குறைவில்லை.

இதில் செய்கிற விதம் இது. கிழங்கை அரை அங்குலச் சதுரமாக வெட்டி, தண்ணீரில் ஒரு மூடி வினிகர் விட்டு வேகவைக்க வேண்டும். புளிப்பு இருந்தால் கிழங்கு உள்ளே வெந்தாலும் ஓரம் கரையாமல் நிற்கும். முக்கால் பதம் போதும். வடித்ததும் அகலத் தட்டில் பரப்பி ஆவி போக விடுங்கள், முதல் நாள் இரவே வேகவைத்து ஃப்ரிட்ஜில் திறந்தபடி வைத்தால் இன்னும் நல்லது. எந்த வாணலியாக இருந்தாலும் ஹாஷ் சொதப்புவது இந்த ஈரத்தில்தான், மேலே தண்ணீர் இருக்கிறவரை அது ஆவியாகிப் போவதிலேயே சூடு செலவாகிவிடும், சிவக்கவே சிவக்காது. பச்சைக் கிழங்கை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், இனிப்பு ஏறி, உள்ளே வேகுமுன் வெளியே கருகும்.

கறிக்கு நான் டின் தேடவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் கறியில் உம்மா போட்டுவைத்த உப்புக்கண்டம் இருக்கும்போது டின் எதற்கு? வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அம்மியில் லேசாக நசுக்கி, நாராகப் பிய்த்து எடுத்துக்கொண்டால் ஆச்சு. அதிலேயே உப்பு தூக்கலாக இருக்கும், கிழங்கில் உப்புப் போட வேண்டாம். ஆட்டுக்கறி உப்புக்கண்டமும் சரிதான். கருவாடு போடலாமா என்றால், ருசி என்னவோ பிரமாதம்தான், ஆனால் வாடை இந்த இரும்பில் போய் உட்கார்ந்துகொண்டு அடுத்த நாள் முட்டையிலும் எட்டிப்பார்க்கும். அதற்கு வேறு சட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வாணலியைச் சின்னத் தீயில் ஏழெட்டு நிமிஷம் காயவிட்டு, இடையில் இரண்டு தடவை திருப்பி வைக்க வேண்டும், நம்ம கேஸ் பர்னர் நடுவில் மட்டும்தான் சுடும், இரும்பு சூட்டை ஓரத்துக்குக் கடத்துவதில் மந்தம். அப்புறம் கடலை எண்ணெய் தாராளமாக விட்டு, கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்பி, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கிளறக்கூடாது. முதலில் சலசலவென்று ஈரச் சத்தம் வரும், பிறகு அது அடங்கி மெல்லிசாகப் பொரிகிற சத்தமாக மாறும், அப்போது தோசைத் திருப்பியை ஓரத்தில் கொடுத்தால் கிழங்கு தானாகவே கல்லை விட்டு வரும், அடியில் பொன்னிறத்தில் ஒரு தோல். வரவில்லை என்றால் இன்னும் ஆகவில்லை, சுரண்ட வேண்டாம். புரட்டியபின் வெங்காயம், உப்புக்கண்டம், கிள்ளிப்போட்ட நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய். வெங்காயத்தை முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுக் காரியத்தைக் கெடுக்கும். முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு வந்தது ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த உப்புக்கறிக்கு அதன் மணம் சேர்கிற மாதிரி சாஸ் பாட்டில் எதுவும் சேரவில்லை. கடைசியில் குழி பண்ணி முட்டை உடைத்து ஊற்றி, மூடி போட்டு இரண்டு நிமிஷம். தொட்டுக்கொள்ள பேக்கரி பன்.

சரி, இனி குறைகள். பெட்டியில் 'ஏற்கெனவே பழக்கப்பட்டது' என்று, அதாவது ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவிக் காயவைத்தது என்று, கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முதல் முட்டையே அப்பிக்கொண்டது, சுரண்டினால் கறுப்பு கறுப்பாகப் பூச்சும் கூடவே வந்தது. உள்பக்கம் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. எண்ணெய் வடிக்க ஓரத்தில் வைத்திருக்கும் மூக்கு ஆழமே இல்லாததால் எண்ணெய் வெளிப்பக்கமாக வழிந்து அடுப்பில் இறங்குகிறது. வாணலி காலியாக இருந்தால் கைப்பிடிப் பாரத்தில் பர்னர் ஸ்டாண்டில் ஒரு பக்கம் சாய்கிறது. "இதைத் தூக்கிக் கழுவ என்னால ஆகாது வாப்பா, நீயே பார்த்துக்க" என்று உம்மா முதல் நாளே ஒதுங்கிவிட்டார்கள், நியாயம்தான்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். துருதான் தலைவலி. கூட வந்த காகிதத்தில் 'உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று எழுதியிருக்கிறது. கீழக்கரையில் உலர்ந்த இடம் எங்கே இருக்கிறது? ஜன்னல் கம்பி, சிலிண்டர் அடி, ஃபேன் போல்ட் எல்லாம் துருப்பிடிக்கிற ஊர். காற்றில் வரும் உப்பு இரும்பில் படிந்து ஈரத்தை இழுக்கும், துடைத்து வைத்தாலும் வேர்க்கும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலமே காலமெல்லாம் துருவோடு மல்லுக்கட்டியது, 2025-இல் புதுப் பாலம் திறக்க வேண்டியதாகிவிட்டது. நம்ம வாணலி எம்மாத்திரம்! போர் தண்ணீரில் கழுவினால் இன்னும் மோசம், காய்ந்ததும் வெள்ளைப் படலம், அதன் கீழே விடிவதற்குள் செம்பழுப்புப் புள்ளிகள். கஸ்டமர் கேருக்கு எழுதினால் போட்டோ கேட்டார்கள், அனுப்பியபின் துரு வாரண்டியில் வராது என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார்கள்.

நான் இப்போது செய்வது: சூடு ஆறுமுன் குடிதண்ணீர் கொஞ்சம் விட்டு நாரால் தேய்த்து, துடைத்து, உடனே அடுப்பில் ஏற்றி, ஈரம் சுத்தமாகப் போனதும் சூரியகாந்தி எண்ணெய் சில துளி தடவி, தடவியதையே துடைத்து எடுத்துவிடுவது போல இன்னொரு துணியால் துடைத்து, புகை வரும்வரை காயவிடுவேன். எண்ணெய் கூடினால் பிசுக்கு நிற்கும். தேங்காய் எண்ணெய் இதற்கு ஆகாது, அது காய்ந்து கெட்டிப்படுகிற ஜாதி இல்லை. கம்பெனிப் பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு இப்படிப் பழக்கிய பிறகுதான் கல் பழகியது, முட்டை இப்போது வழுக்கிக்கொண்டு வருகிறது. மீன் ஆணம் (குழம்பு), புளி, தக்காளி எதையும் இதில் கொதிக்க வைக்காதீர்கள், புளிப்பு பட்டால் பழகிய தோல் கரைந்து இரும்பு ருசி ஏறும். மண்சட்டி எதற்கு இருக்கிறது.

தினமும் இல்லாவிட்டாலும் ஒன்றுவிட்டு ஒரு நாளாவது அடுப்பில் ஏற்றுகிறவர்கள் தைரியமாக வாங்கலாம். விருந்தாளி வந்தால் மட்டும் எடுப்பேன் என்றால், அல்லது வருஷத்தில் பாதி வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிநாடு போகிற சபுராளியாக இருப்பவர் என்றால் வேண்டாம், திரும்பி வரும்போது செங்கல் நிறத்தில் இருக்கும். கண்ணாடி மூடி தனியாக விற்கிறார்கள், அதற்குக் காசு கொடுக்காதீர்கள், வீட்டுச் சோற்றுப் பானை மூடியே சரியாகப் பொருந்துகிறது.