ரக்பி லீக் கிளப்: ஆடி ஜெயித்தால் போதுமா, கணக்கும் காட்ட வேண்டுமா?

இங்கிலாந்து ரக்பி லீக்கின் உச்ச டிவிஷனான சூப்பர் லீக்கில் எந்தக் கிளப் ஆடுவது என்று முடிவு செய்ய இரண்டு வழிகள். பழையது எல்லோருக்கும் தெரிந்தது: கடைசியில் வந்த அணி கீழே போகும், கீழ் டிவிஷனில் ஜெயித்த அணி மேலே வரும். 2025 சீசன் முதல் நடப்பில் இருப்பது ஐஎம்ஜி என்ற விளையாட்டு வணிக நிறுவனத்தோடு சேர்ந்து வகுத்த தரப்புள்ளி முறை. யார்க்‌ஷயரில் சீசன் டிக்கெட் வைத்திருக்கும் நான் இரண்டாவதன் பக்கம் வந்துவிட்டேன்.

பழைய முறையின் பரபரப்புக்கு ஈடே கிடையாது. 2016-இல் 'பத்து லட்சம் பவுண்டு ஆட்டம்' என்ற மோதலில் ஹல் கேஆர், முடிய இரண்டு நிமிடம் இருக்கும்வரை 8 புள்ளி முன்னிலையில் இருந்து, கூடுதல் நேரத்தில் சால்ஃபோர்டிடம் 19-18 என்று தோற்றுக் கீழே போனது. அதே ஹல் கேஆர் 2025-இல் நாட்டின் மூன்று பெரிய கோப்பைகளையும் தூக்கியது. ஆக, கீழே போனால் கதை முடிந்தது என்று பயம் காட்டுவது சரியல்ல.

புதிய முறையில் மொத்தம் 20 புள்ளிகள். ரசிகர் ஆதரவுக்கு 5, ஆட்டத்துக்கு 5, நிதிக்கு 4.5, மைதானத்துக்கு 3, சமூகப் பணிக்கும் சுற்றுவட்டார மக்கள்தொகைக்கும் 2.5. 15 எடுத்தால் ஏ தரம். இடத்துக்குக் கவலை இல்லை. பெரிய திரையும் எல்.இ.டி. விளம்பரப் பலகையும் வைத்தால்கூடப் புள்ளி உண்டு என்று கேலி செய்பவர்களை என்னால் மறுக்க முடியவில்லை.

நான் இந்தப் பக்கம் சாய ஒரே காரணம், முதலாளியின் பணம் எங்கே போகிறது என்பதுதான். கீழே போய்விடுவோமோ என்ற பயம் இருக்கும்வரை, கையில் மிஞ்சும் பணம் முழுதும் சீசன் நடுவில் ஒரு ஹாஃப்-பேக்கை (ஆட்டத்தை வழிநடத்தும் வீரரை) வாங்குவதற்கே போகும். பழைய ஸ்டாண்டை இடித்துக் கட்டினால் அடுத்த ஞாயிறு ஜெயிக்க முடியாதே! தரப்புள்ளியில் அந்த ஸ்டாண்டுக்கும் மதிப்பு உண்டு. முக்கியமாக, வருமானத்தைக் கணக்கிடும்போது லீக் பங்கிட்டுத் தரும் பணம் சேராது. டிக்கெட், ஸ்பான்சர், ஜெர்சி விற்பனை என்று கிளப் தானே சம்பாதித்ததுதான் சேரும். டிவி பணத்தை நம்பி வீரர் சம்பளத்தை ஏற்றும் கிளப்பின் சாயம் அங்கே வெளுத்துவிடும். வேக்ஃபீல்டு 2023-இல் கீழே இறங்கியது. புதிய முதலாளி வந்தார், பெல் வியூ மைதானம் புதுப்பொலிவு பெற்றது, 2025-க்கு ஏ தரத்தோடு திரும்பியது. 2024-இல் அவர்கள் கீழ் டிவிஷனையும் வென்றார்கள். பழைய முறையிலும் மேலே வந்திருப்பார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதன் கொடூரமான பக்கம் லண்டன் பிரான்கோஸ். 2023 அக்டோபரில் கீழ் டிவிஷனின் இறுதியாட்டத்தில் டூலூஸை வென்று மேலே வந்தார்கள். அதே மாதம் வந்த உத்தேசத் தரப்புள்ளிப் பட்டியலில் 8.07 புள்ளியோடு 24-வது இடம். 2024 முழுவதும், சீசன் முடிந்ததும் வெளியேறுவோம் என்று ஏறக்குறையத் தெரிந்தே ஆடினார்கள்.

ஆதரவை அளப்பதிலும் சிக்கல் உண்டு. ஆஸ்திரேலியாவில் இதே போன்ற அளவுகோல்களை வைத்து 1999-இல் சவுத் சிட்னி கிளப்பை லீக்கிலிருந்து நீக்கினார்கள். மறு ஆண்டு சிட்னி தெருக்களில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். 2002-இல் கிளப் மீண்டும் லீக்குக்குள் வந்தது, 2014-இல் கோப்பையையும் வென்றது. அந்த ஊர்வலத்தை எந்த வரவு செலவுக் கணக்கில் எழுதுவது?

நிதி விஷயத்தில் எனக்கு உறுதி குறைவு. கிளப் கணக்கை உள்ளே இருந்து பார்த்தவன் அல்ல. பார்த்தவரையில், புள்ளி கடந்த காலத்தைத்தான் சொல்கிறது. 2025 முதல் ஆட்டத்தில், பண நெருக்கடியில் இருந்த சால்ஃபோர்டு இளம் அணியை இறக்கி செயின்ட் ஹெலன்ஸிடம் 82-0 என்று தோற்றது. தரப்புள்ளியில் தேறி உள்ளே இருந்த கிளப்தான் அதுவும். 2026-இல் அணிகள் 14 ஆகி, பிராட்ஃபோர்டு, யார்க், டூலூஸ் உள்ளே வந்தபோது சால்ஃபோர்டுக்கு இடமில்லை.

என்னிடம் விட்டால், மக்கள்தொகைப் புள்ளியை எடுத்து நிதியில் சேர்ப்பேன். வேக்ஃபீல்டு, காசில்ஃபோர்டு, ஃபெதர்ஸ்டோன் மூன்றும் ஒரே மாவட்டத்தில் இருப்பது யார் தவறு? நிதிக் கணக்கையும் வருடம் ஒருமுறை இல்லாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்பேன்.