பன்றி முடியா, பேட்ஜர் முடியா: மலையகத்து ஈரத்துக்கு எந்தச் சவர பிரஷ்?

சவர பிரஷ்களைத் தரம் பிரித்து எழுதுகிறவர்கள் அநேகமாக ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருந்துகொண்டு எழுதுகிறார்கள். குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிற, ஈரத்துணி ஒரே இரவில் காய்ந்துவிடுகிற வீடுகள் அவர்களுடையவை. அங்கே உட்கார்ந்து, பன்றி முடி பிரஷ் பழகுகிறவர்களுக்கு, பேட்ஜர் என்ற காட்டு விலங்கின் முடி பிரஷ் தேறியவர்களுக்கு என்று கோடு போட்டுவிடுகிறார்கள். இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ நானுஓயாவிலோ மஸ்கெலியாவிலோ கண்ணாடி முன் நிற்கிறவருக்கு அந்தக் கோடு உதவாது. இங்கே தண்ணீர் மென்மையானது, விடியல் குளிரானது, மழை பிடித்துக்கொண்டால் எதுவும் காய்வதில்லை. விலை கூடிய பிரஷின் மேன்மையில் பாதியை இவை தின்றுவிடுகின்றன. ஒரே ஒரு பிரஷ்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் பன்றி முடியை வாங்குங்கள். காரணங்களைக் கேட்டுவிட்டு மறுப்பவர்கள் மறுக்கலாம்.

முதலில் முடியைப் பார்ப்போம். பன்றியின் முதுகு முடி தடித்தது, விறைப்பானது. தண்ணீரை முடியே உறிஞ்சிக்கொள்ளும். ஊறிய பிறகுதான் வளைந்து கொடுக்கும். ஆகவே குவளையில் இளஞ்சூட்டு நீர் விட்டு, முடி மூழ்க இரண்டு மூன்று நிமிடம் வைத்துவிட்டு, அதற்குள் முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும். கொதிக்கிற நீர் கூடாது. நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்றாலும், முடியையும் அதைப் பிடித்திருக்கும் பசையையும் கெடுக்க அந்தச் சூடு தாராளம். பேட்ஜர் முடி மெல்லியது. வேர்ப்பக்கம் வெளுப்பு, நடுவே கறுப்புப் பட்டை, நுனியில் மறுபடி வெளுப்பு. அது தண்ணீரை முடிகளுக்கு இடையே தேக்கி வைக்கும். முக்கி எடுத்து ஒரு உதறு உதறினால் போதும், காத்திருக்கத் தேவையில்லை. அவசரமாக வேலைக்குக் கிளம்புகிறவருக்கு இது சிறிய வசதி அல்ல.

விறைப்பான முடி முகத்தில் வளைய வேண்டுமானால் நீளம் வேண்டும். இத்தாலியின் ஒமேகா, போர்த்துக்கலின் செமோக் ஆகிய நிறுவனங்களின் பன்றி பிரஷ்களில் முடியின் உயரம் பொதுவாக 55 மில்லிமீற்றரிலிருந்து 65க்கு மேலும் போகும். பேட்ஜர் பிரஷ்கள் 50ஐ ஒட்டி, கட்டையாக, அடர்த்தியாகக் கட்டப்பட்டிருக்கும். இந்த அடர்த்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வில்லனாக வரப்போவது அதுதான்.

புதுப் பன்றி பிரஷ் யாரையும் கவராது. நனைத்தால் தொழுவத்து வாடை அடிக்கும். முகத்தில் குத்தும். போதாததற்கு நுரையையும் குடித்துவிடும்: முதல் வழிப்புக்கு நுரை இருக்கும், இரண்டாவதற்குத் திரும்பினால் காணாமல் போயிருக்கும். பலர் இந்தக் கட்டத்திலேயே அதை மூலையில் போட்டுவிட்டு, பேட்ஜர்தான் பேட்ஜர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஷாம்பூ போட்டுக் கழுவி, நுரை கட்டி, அந்த நுரையோடு ஓர் இரவு விட்டுக் காலையில் அலசினால் வாடை போகும். மற்றதற்குப் பொறுமைதான் மருந்து. சில வாரம் நாள்தோறும் உபயோகித்த பிரஷின் ஒரு முடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தண்டு அதே தடிப்பில் இருக்கும். நுனி மட்டும் இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்து மெலிந்திருக்கும். முகத்தில் படுவது அந்த நுனி, அதனால் மென்மை. சவர்க்காரத்தைத் தேய்ப்பது தண்டு, அதனால் வலிமை. பேட்ஜர் வாங்கிய அன்றே நன்றாக இருக்கும். அதற்கு மேல் அவ்வளவாக மாறாது. பன்றி பிரஷ் உழைக்க உழைக்கத் தேறும். முதல் சில நாட்களில் ஒன்றிரண்டு முடி உதிர்வது இரண்டிலும் சகஜம். மாதக்கணக்கில் உதிர்ந்தால் கட்டு சரியில்லை என்று பொருள்.

நீங்கள் எதைக் குழைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கட்டிச் சவர்க்காரமோ ஆர்க்கோ போன்ற குச்சிச் சவர்க்காரமோ என்றால் பன்றி முடிக்கு நிகரில்லை. ட்யூபிலிருந்து பிதுக்கும் கிரீம் என்றால் பேட்ஜர் அருமையாக விரியும். ஹட்டனில் சலூன் வைத்திருக்கும் நண்பர் ஒரு பேட்ஜர் பிரஷை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது பூசத்தான் நல்லது, தேய்க்க உதவாது" என்று திருப்பிக் கொடுத்தார். ஒப்பீடு முழுவதையும் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணக்கல்லில் தோண்டியவை. அந்த நீரில் சவர்க்காரம் நுரைப்பதற்கு முன் திரிந்துபோகும். அத்தகைய நீரில் நிறையத் தண்ணீர் பிடிக்கிற, எளிதில் நுரைக்கிற பிரஷுக்குப் பெறுமதி உண்டு. மலையில் பீலியில் விழுகிற தண்ணீர் பெரும்பாலும் சுண்ணாம்பு குறைந்த பாறைகளிலிருந்து ஊறி வருவது. கை கழுவும்போது சவர்க்காரத்தின் வழுவழுப்பு போகவே போகாது என்று சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள் அலுத்துக்கொள்வார்களே, அந்தத் தண்ணீர். அதில் எந்தப் பிரஷும் நுரைக்கும். பேட்ஜருக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, இங்கே இல்லாத ஒரு பிரச்சினைக்கான தீர்வுக்குப் போகிறது. திகன, மாத்தளைப் பக்கம் டொலமைட் என்ற சுண்ணாம்பு வகைக் கல் உடைக்கிற இடங்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே பிரஷின் அடியில் வெள்ளைப் படிவு சேரும்; வினாகிரி கலந்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்து அலசினால் கரைந்துவிடும்.

குளிர் விஷயத்தில் பேட்ஜருக்குத்தான் வெற்றி, மறுக்கவில்லை. தை, மாசியில் தேயிலைக் கொழுந்தை உறைபனி கருக்கும் காலத்தில், அது தேக்கி வைத்த வெந்நீரால் நுரை இரண்டாம் வழிப்பு வரைக்கும் இளஞ்சூட்டோடு இருக்கும். பன்றி பிரஷின் நுரை அதற்கு முன்பே ஆறிவிடும். நுரைக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக்கொண்டால் இந்தக் குறை ஓரளவு தீரும். நுவரெலியாவில் ஆண்டு முழுவதும் வீட்டில் கம்பளிச் சட்டை போடுகிறவர், பணமும் இருக்கிறது என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே பேட்ஜர் வாங்கலாம்.

ஆனால் வாங்கிய பிறகு அதைக் காயவைக்க வேண்டும். மேற்குச் சரிவுகளில், ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம், வைகாசி பிறந்தால் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று விடாது. துவைத்த சட்டை மூன்றாம் நாளும் குளிர்ந்தே கிடக்கும். காலையில் அலசி வைத்த பேட்ஜர் பிரஷை மறுநாள் மாலை எடுத்து, இரு பெருவிரல்களாலும் முடியை நடுவில் பிரித்து அடிவரை தொட்டுப் பாருங்கள். வெளிப்பக்கம் காய்ந்து பொசுபொசுவென்றிருக்கும். உள்ளே, பசையை ஒட்டிய இடத்தில், சில்லென்று ஈரம் விரலில் படும். சரியாக அலசாத சவர்க்காரம் அங்கேயே வெள்ளையாக ஒட்டியிருக்கும். பூஞ்சணம் தொடங்குவது அந்த இடத்தில்தான். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மக்கிய வாடையாகத் தெரியும். பன்றி முடி தண்ணீரைக் குடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் கட்டு தளர்வானது, முடி நீளமானது, காற்று நடுவே புகுந்து வரும். நாள்தோறும் சவரம் செய்கிறவருக்கு மழைக்காலத்தில் இந்த வித்தியாசம் மற்ற எல்லா வித்தியாசங்களையும் விடப் பெரியது.

எந்தப் பிரஷானாலும் நன்றாக அலசி, உதறி, துவாயில் முன்னும் பின்னும் இழுத்துத் துடைத்து, குளியலறைக்கு வெளியே காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். தலைகீழாகத் தொங்கவிடுவதா நிமிர்த்தி வைப்பதா என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும்; காற்றோட்டம் இருந்தால் எப்படி வைத்தாலும் காயும். கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளைகளான மிலாறு எரிகிற அடுப்புக்கு மேலே எல்லாவற்றையும் காயப்போடுவது நம் வழக்கம். பிரஷை அங்கே வைக்காதீர்கள். முடி மொறுமொறுத்து ஒடியும், பசை இளகும், முகத்தில் புகை மணக்கும். பண்டாரவளை, வெலிமடைக்காரர்களுக்கு இந்தப் பத்தி அவ்வளவாகப் பொருந்தாது. மேற்கே மழை கொட்டுகிற அதே மாதங்களில் அங்கே காய்ந்த காற்று வீசும்; மாரி மழைக்கு மட்டும் கவனமாக இருந்தால் பேட்ஜர் பிழைத்துக்கொள்ளும்.

விலையில் பேட்ஜர் பன்றியைப் போலப் பல மடங்கு. அதைவிட மோசம், எதற்கு அந்த விலை என்பதே தெளிவில்லாதது. 'பியூர்', 'பெஸ்ட்', 'சூப்பர்', 'சில்வர்டிப்' என்ற தரப் பெயர்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருவருடைய 'சூப்பர்' இன்னொருவருடைய 'பெஸ்ட்'. பேட்ஜர்களில் மலிவான 'பியூர்' பலவேளை, பழகிய பன்றி பிரஷைவிட அதிகமாகக் குத்தும். நடுவில் கறுப்புப் பட்டை போட்டுச் சாயமிட்ட பன்றி முடியும் சந்தையில் உண்டு. ஒரு முடியை விரலிடையே உருட்டினால் தடிப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

போலிகளின் வரலாறு கொஞ்சம் பயங்கரமானது. முதல் உலகப் போர்க் காலத்தில் பேட்ஜர் முடிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, குதிரை முடிக்குச் சாயமிட்டுப் பேட்ஜர் போல் விற்றார்கள். சரியாகக் கிருமி நீக்கப்படாத அந்த முடியிலிருந்து அந்திராக்ஸ் நோய் தொற்றிச் சிப்பாய்களும் பொதுமக்களும் இறந்தார்கள். 1920இல் பிரித்தானியா ஜப்பானிலிருந்து சவர பிரஷ்கள் இறக்குமதி செய்வதைத் தடைசெய்தது இதனால்தான். இன்று அந்தப் பயம் வேண்டியதில்லை. எந்த முடி என்றே சொல்லாமல் விற்கும் பிரஷை வாங்காமல் இருப்பது மட்டும் இன்றைக்கும் புத்திசாலித்தனம்.

பேட்ஜர் நம் நாட்டில் இல்லாத விலங்கு. பிரித்தானியாவில் அதற்கு 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஆகவே 1777இல் தொடங்கிய கென்ட், 1919இல் தொடங்கிய சிம்ப்சன் போன்ற பெயர்பெற்ற பிரித்தானிய நிறுவனங்களின் பிரஷ்களிலும் இருப்பது சீனாவிலிருந்து வரும் முடி. 2018இல் பீட்டா என்ற விலங்குரிமை அமைப்பு அங்குள்ள பேட்ஜர் பண்ணைகளின் படங்களை வெளியிட்டது. பார்த்தவர்கள் சிலர் அன்றோடு பேட்ஜரை விட்டார்கள். பன்றி முடி, இறைச்சிக்காக அறுத்த விலங்கின் மிச்சம். இது மனச்சாட்சியை முழுதாகச் சமாதானப்படுத்துமா என்பது அவரவர் விருப்பம். எனக்கு இந்த வேறுபாடு போதும்.

இரண்டுமே வேண்டாம் என்கிற வீடுகள் மலையகத்தில் நிறைய. கண்டியிலோ அக்குறணையிலோ உள்ள முஸ்லிம் நண்பருக்குப் பன்றி முடி பிரஷைப் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டு வாங்குங்கள். சைவ உணவுக்காரர் சிலரும் இரண்டையும் தொடமாட்டார்கள். அவர்களுக்குச் செயற்கை இழை பிரஷ் இருக்கிறது. பழைய நைலோன் பிரஷ்களின் முரட்டுத்தனம் இப்போதைய நல்ல இழைகளில் இல்லை. ஊறவைக்க வேண்டாம், வாடை இல்லை, மூன்றிலும் மிக வேகமாகக் காய்வது அதுதான். கட்டிச் சவர்க்காரத்தில் கொஞ்சம் துள்ளும், சூட்டை அவ்வளவாகத் தாங்காது. ஆடி மாதத்து மஸ்கெலியாவில் அதைப் பெரிய குறையாக நான் சொல்லமாட்டேன்.