ஆம்புலன்ஸ் எச்சரிக்கை விளக்குகள்: வேலூர்ச் சாலைகளில் சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆம்புலன்ஸுக்கு விளக்கு வாங்குகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, ‘எவ்வளவு தூரத்துக்குத் தெரியும்?’ என்பதைத்தான். சில ஆண்டுகள் இரவும் பகலும் ஓட்டிய பிறகு நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: ‘வண்டி நிற்கும்போது இதன் ஒளியைக் குறைக்க முடியுமா?’ முடியாது என்று பதில் வந்தால், எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அந்த விளக்கை வாங்க வேண்டாம்.

என்னிடம் இருப்பது ஃபோர்ஸ் டிராவலர் வண்டி. காட்பாடியிலிருந்து இயங்குகிறது. குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், அணைக்கட்டுப் பக்கங்களிலிருந்து வேலூர் மருத்துவமனைகளுக்கு நோயாளிகளைக் கொண்டுவருவதுதான் பெரும்பாலான வேலை. வண்டி வந்தபோது கூரையில் பழைய பாணி ஹாலஜன் சுழல் விளக்குகள் இருந்தன. இப்போது அங்கே எல்.இ.டி. லைட் பார் இருக்கிறது. முன் கிரில்லில் (வண்டியின் முகப்பு வலையில்) இரண்டு சிறு விளக்குகள், முன்சக்கரத்துக்கு மேலே பக்கத்துக்கு ஒன்று, பின்புறம் மஞ்சள் விளக்குகள் ஆகியவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

நிறத்திலிருந்து தொடங்குகிறேன். விளக்கு வாங்கும் பலர் அறியாமல் சிக்கிக்கொள்ளும் இடம் அது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108ஆம் விதி, நோயாளிகளை ஏற்றும் ஆம்புலன்ஸுக்கு ஊதாக் கண்ணாடி போட்ட, விட்டுவிட்டு எரியும் சிவப்பு விளக்கைக் குறிப்பிடுகிறது. 2017 மே 1 முதல் அமைச்சர்கள், அதிகாரிகளின் கார்களிலிருந்து சிவப்புச் சுழல் விளக்கு அகற்றப்பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த பலவண்ண விளக்கு தீயணைப்பு, காவல் போன்ற அவசரப் பணி வாகனங்களுக்கு உரியது. கடையில் எந்த நிறமும் தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிப் பொருத்திவிடாமல், எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கும் கண்ணுக்கும் உள்ள உறவையும் ஓட்டுநர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பகல் வெளிச்சத்தில் சிவப்பு நன்றாக எடுபடும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு நீலம் சார்ந்த நிறங்களே அதிகப் பிரகாசமாகத் தெரியும். அதனால் ஒரே விளக்கு பகலில் போதாமலும் நள்ளிரவில் கண்ணைக் கூசவைப்பதாகவும் இருப்பது இயல்பு. வேலூரின் கத்திரி வெயிலில், மதியம் ஒரு மணிக்கு, எந்த லைட் பாரும் மங்கலாகத்தான் தெரிகிறது. அப்போது நமக்கு உதவுவது சைரனும் வண்டியின் வெள்ளை நிறமும் முகப்பு விளக்குகளும்தான்.

கிரில் விளக்குகளின் பயன் என்னை வியக்கவைத்தது. கூரை விளக்கு நிலத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எதிரே வரும் லாரிக்காரருக்கும் தொலைவில் போகிறவருக்கும் அது தெரியும். நமக்கு நேர் முன்னால் போகும் சிறிய காரின் உள்கண்ணாடியில் அது தெரியவே தெரியாது. அந்தக் கண்ணாடியில் விழுவது நம் வண்டியின் முகம் மட்டுமே. கிரில்லில் இரண்டு விளக்குகள் வைத்த பிறகு, ஐடா ஸ்கடர் சாலையில் சி.எம்.சி. மருத்துவமனையை நோக்கி ஊரும் நெரிசலில் முன்னால் இருக்கும் கார்கள் விரைவில் உணர்ந்து ஒதுங்கத் தொடங்கின. கையில் பணம் குறைவாக இருந்தால் கூரையில் நடுத்தரமான விளக்கு போதும். மிச்சப் பணத்தைக் கிரில்லுக்குச் செலவழியுங்கள். பக்க விளக்குகள் சந்திப்புகளுக்கானவை. கிரீன் சர்க்கிளில் குறுக்கே வருகிறவருக்கு நம் வண்டியின் மூக்கு தெரியும் முன்பே அந்த வெளிச்சம் தெரிந்துவிடுகிறது.

ஒயரிங்கில் சிக்கனம் வேண்டாம். இதைக் கணக்கோடு சொல்கிறேன். பன்னிரண்டு வோல்ட் வண்டியில் 10 ஆம்பியர் இழுக்கும் விளக்குக்கு, பேட்டரியிலிருந்து கூரை வரை போய்த் திரும்ப மொத்தம் 10 மீட்டர் ஒயர் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் என்றால், வழியிலேயே 1.7 வோல்ட் தொலைந்துவிடும். நான்கு சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. தொலைந்த வோல்ட் எல்லாம் கூரை லைனிங்குக்குள் சூடாக மாறுகிறது. நம் வண்டிக்குள் ஆக்சிஜன் இருக்கிறது என்பதை மறக்கவே கூடாது. ஆக்சிஜன் குழாய் ஓடும் பக்கத்தில் ஒயர் இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது என்று எலக்ட்ரீஷியனிடம் கண்டிப்பாகச் சொல்லி, என் வண்டியில் ஒயர்களை எதிர்ப்பக்கத் தூண் வழியாக ஏற்றச் செய்தேன். வேலை நீண்டது, கூலியும் கூடியது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். டேஷ்போர்டுக்குக் கீழே கைக்கு எட்டும் இடத்தில் வைத்தால், பேட்டரிக்கும் அதற்கும் இடைப்பட்ட ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை. சுவிட்ச் வழியாக முழு மின்னோட்டமும் போகாமல் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் கருவி) போட வேண்டும். எர்த் இணைப்பைக் கூரைத் தகட்டில் திருகி விடுகிற பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. துரு ஏறியதும் விளக்கு துடிப்பது அதனால்தான். தனி ஒயர் இழுத்துப் பேட்டரியின் நெகட்டிவ் வரை கொண்டுவருவதே நல்லது.

கூரையில் துளை போடும் வேலையைக் கூடவே நின்று பாருங்கள். முதல் விளக்கைப் பொருத்திய பட்டறையில், தகட்டின் பள்ளமான வரியில் துளை போட்டு மேலே சிலிக்கானைப் பூசி அனுப்பினார்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் தண்ணீர் சொட்டியது. துளை எப்போதும் தகட்டின் மேடான வரியில் இருக்க வேண்டும். அறுத்த விளிம்புக்குத் துரு தடுக்கும் பெயின்ட் அடித்து, ரப்பர் வளையம் போட்டு, ஒயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு உள்ளே கொண்டுபோக வேண்டும். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போய்விடும்.

ஹாலஜனை விட்டு எல்.இ.டி.க்கு மாறியதில் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை மின்சாரம்தான். 55 வாட் பல்புகள் இரண்டு எரிந்தால் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விபத்து நடந்த இடத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு, சளி உறிஞ்சும் கருவியையும் இயக்கிக்கொண்டு நிற்கும்போது அது பெரும் சுமை. முழுதாக ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12ஐ நெருங்கினால் வண்டி மீண்டும் ஸ்டார்ட் ஆகுமா என்று கவலைப்பட வேண்டியதுதான். டேஷ்போர்டில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர் வையுங்கள்.

எல்.இ.டி.க்கும் குறை உண்டு. வெயிலில் நிற்கும் கூரையின் சூடு அதன் ஆயுளைக் குறைக்கிறது. அடியில் கனமான அலுமினியத் தளம் இல்லாத மலிவு வகைகளை இந்த ஊருக்கு வாங்கக் கூடாது. மேல் மூடியும் வெயிலில் மஞ்சளாகி மங்குகிறது. அதைத் தின்னரோ பெட்ரோலோ போட்டுத் துடைத்தால் நுண்ணிய விரிசல் விழும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

நோயாளி இருக்கும் பகுதிக்குள் வெளிச்சம் வருவதைப் பற்றி விளக்கு விற்கிறவர்கள் யாரும் பேசுவதில்லை. என்னோடு வரும் செவிலியர் ஒரு இரவு, “அண்ணா, கூரை விளக்கின் வெளிச்சம் பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே அடிக்கிறது. உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, விளக்குதான் அப்படிக் காட்டுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை” என்றார். மூச்சுத் திணறும் நோயாளியிடம் தோலின் நிறம் ஒரு முக்கிய அடையாளம். அடுத்த நாளே கண்ணாடிகளுக்குத் தடித்த திரை போட்டோம். வலிப்பு நோயாளிகளுக்கு இது இன்னும் முக்கியம். வினாடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும். ஒரு விளக்கு தனியாக வினாடிக்கு இரண்டு முறை மின்னினால் கவலையில்லை. ஆளுக்கொரு தாளத்தில் மின்னும் ஆறு விளக்குகள் சேர்ந்தால் எண்ணிக்கை எங்கோ போய்விடும். எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் இயக்கும் இணைப்பு ஒயர் நல்ல விளக்குகளில் இருக்கிறது. அதை வெட்டிப் போட்டுவிடாமல் இணைக்கச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், பள்ளிகொண்டாவுக்கும் வாணியம்பாடிக்கும் இடையே, இரவில் விபத்து என்று அழைப்பு வருகிறது. போகும்போது நமக்கு வழி வேண்டும். எல்லா விளக்குகளும் எரியட்டும். போய் நின்றதும் தேவை மாறிவிடுகிறது. அப்போது பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டு: இங்கே வண்டி நிற்கிறது, இங்கே மனிதர்கள் நடக்கிறார்கள். முழு வெளிச்சத்தில் மின்னும் வெள்ளை விளக்கு இந்த இரண்டாவதை மறைத்துவிடுகிறது. விளக்குக்கு முன்னால் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் ஓட்டுநருக்குக் கறுப்பு நிழலாகக்கூடத் தெரியமாட்டார். அந்த வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. கண் கூசி மூன்று வினாடி தடுமாறினால் 66 மீட்டர்.

அமெரிக்கத் தீயணைப்பு வாகனங்களுக்கான என்.எஃப்.பி.ஏ. (தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம்) தரநிலை இதை வெகுகாலமாகவே பிரித்து வைத்திருக்கிறது: வழி கேட்கும் நிலை ஒன்று, வழியை மறித்து நிற்கும் நிலை ஒன்று. இரண்டாவதில் வெள்ளை விளக்குகள் அணைந்துவிட வேண்டும். நானும் அப்படியே அமைத்திருக்கிறேன். கைப்பிரேக் இழுத்தால் கிரில் விளக்குகளும் வெள்ளை விளக்குகளும் அணைகின்றன. கூரை விளக்கு பாதி ஒளிக்கு இறங்கி மெதுவாக மின்னுகிறது. பின்புற மஞ்சள் மட்டும் தொடர்கிறது. எலக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேர வேலைதான். எதிர்த்திசை வண்டிகளைப் பார்த்து நிற்க நேர்ந்தால் ஹெட்லைட்டையும் அணைத்துவிடுகிறேன்.

விளக்கைக் குறைத்தால் வேறு சிலவற்றைக் கூட்ட வேண்டும். பின்புறம் முழுக்க ஒளிதிருப்பும் பட்டை, ஊழியர்களுக்கு ஒளிதிருப்பும் மேலங்கி, நெடுஞ்சாலையில் வண்டிக்குப் பின்னால் குறைந்தது ஐம்பது மீட்டரில் எச்சரிக்கை முக்கோணம். காவல்துறை ரோந்து வாகனம் ஏற்கனவே பின்னால் மறித்து நின்றால், நாம் விபத்து இடத்தைத் தாண்டி முன்னே போய் நிற்க வேண்டும். நம் வண்டியில் நோயாளியை ஏற்றுவது பின்கதவு வழியாக. அந்தக் கதவு பாய்ந்து வரும் லாரிகளைப் பார்த்துத் திறக்கும் நிலையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்தே ஆக வேண்டும்.

ஓட்டும் முறை பற்றிக் கொஞ்சம். வழிவிடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194E பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடமிருக்கிறது. அந்தச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்ற எண்ணத்தோடு சிவப்பு சிக்னலில் பாய்வது கொடுமையில் முடியும். ஏசி போட்டுக் கண்ணாடி ஏற்றிப் பாட்டுக் கேட்கிறவருக்குச் சைரன் மிக அருகில் வந்த பிறகே கேட்கும். சந்திப்பில் வேகத்தை நடை அளவுக்குக் குறைத்து, சைரன் ஒலியை மாற்றி, ஒவ்வொரு வரிசையிலும் முதலில் நிற்கும் ஓட்டுநர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று உறுதியான பிறகே கடக்கிறேன். நெடுஞ்சாலையில் வலது தடத்தைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக இருப்பது நல்லது. முன்னால் போகும் லாரி ஒதுங்குவது இடது பக்கம்தான். அவசரப்பட்டு இடதில் நுழைந்தால் அவர் நம் மீதே ஒதுங்குவார்.

நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது விளக்கும் சைரனும் அணைந்திருக்க வேண்டும். தேநீர்க் கடைக்கு வேகமாகப் போகச் சைரன் போடுகிற வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்த ஆட்டோக்காரர் அடுத்த முறை ஒதுங்கத் தயங்கினால், அதற்கு விலை கொடுப்பது யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

புதிதாக வண்டி கட்டுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. பின்புற மஞ்சள் விளக்குகளைப் பாடி கட்டுகிறவர்கள் அழகுக்காகக் கதவுகளிலேயே பதித்துத் தருகிறார்கள். ஸ்ட்ரெச்சரை ஏற்றக் கதவுகளைத் திறந்ததும் அந்த விளக்குகள் பக்கவாட்டில் வயலைப் பார்க்கத் திரும்பிவிடுகின்றன. மிகவும் தேவையான நேரத்தில் பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. கதவுக்கு வெளியே, பாடிச் சட்டத்தின் இரண்டு ஓரங்களிலும் பொருத்தச் சொல்லுங்கள். வண்டியைக் கையில் வாங்கும் முன், இரவில் பின்கதவுகளை முழுதாகத் திறந்துவைத்து, நூறு மீட்டர் தள்ளி நடந்துபோய் நின்று பாருங்கள்.