அல்சூர் நுரையீரல் சிகிச்சை மையம்: ஆறாத இருமலோடு போனவர்களின் அனுபவம்

இருமல் மருந்து எழுதிக் கொடுக்கும் இடங்களுக்குப் பெங்களூரில் பஞ்சமே இல்லை. இருமல் எதனால் வருகிறது என்று பொறுமையாக விசாரிக்கும் இடம் கிடைப்பதுதான் அரிது. அல்சூர் சோமேஸ்வரர் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இயங்கும் இந்த மையம் அப்படிப்பட்ட ஓர் இடம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். ஆம்பூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் என் அம்மா மாதக்கணக்கில் வறட்டு இருமலால் தூக்கமின்றித் தவித்தார். வேறு இடங்களில் சிரப் மேல் சிரப்பாகவும், நடுவில் ஆன்டிபயாட்டிக்காகவும் கொடுத்தார்களே தவிர, அவர் வேறு என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்று எவரும் கேட்கவில்லை.

இங்கே முன்பதிவுக்காகத் தொலைபேசியில் அழைத்தபோதே அந்தக் கேள்வி வந்துவிட்டது. சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்து வர வேண்டும், பழைய எக்ஸ்ரே இருந்தால் அதுவும் வேண்டும், வீட்டு வைத்தியமாக எதையாவது உட்கொண்டால் அதையும் கொண்டு வர வேண்டும் என்று வரவேற்பில் இருந்த பெண் தெளிவாகச் சொன்னார். மருத்துவர் நன்றாகத் தமிழ் பேசுகிறார். எத்தனை வாரமாக இருமல், சளி வருகிறதா, படுத்தால் கூடுகிறதா, சாப்பிட்ட பிறகு நெஞ்செரிச்சல் உண்டா, மூக்கிலிருந்து தொண்டைக்குள் நீர் வடிவது போல் இருக்கிறதா, மாலையில் காய்ச்சல் வருகிறதா, எடை குறைந்திருக்கிறதா, வீட்டில் கொசுவத்தி ஏற்றுவது உண்டா, பால்கனியில் புறா அடைகிறதா என்று அம்மாவையே நேராகப் பார்த்துக் கேட்டார். புறா எச்சத்தையும் இறகுத் தூசியையும் நெடுங்காலம் சுவாசிப்பதால் சிலருக்கு நுரையீரலிலேயே ஒவ்வாமை அழற்சி உண்டாகும் என்பதால், அடுக்குமாடியில் குடியிருப்பவர்களிடம் அதை விடாமல் கேட்பாராம்.

மூன்று வாரத்துக்கு உட்பட்ட இருமல் பெரும்பாலும் வைரஸ் தொற்றால் வந்து தானே அடங்கும் என்றும், பெரியவர்களுக்கு எட்டு வாரத்தைத் தாண்டினால் அதை நாள்பட்ட இருமலாகக் கருதிக் காரணத்தைத் தேட வேண்டும் என்றும் விளக்கினார். எக்ஸ்ரே சரியாக இருந்து, புகைப்பழக்கமும் இல்லாதவர்களிடம் பெரும்பாலும் காணப்படும் காரணங்கள் மூக்கு, சைனஸ் தொல்லை, ஆஸ்துமா வகை, வயிற்று அமிலம் மேலேறுவது ஆகியவையாம். அதற்கு முன்பாகவே பார்க்க வேண்டியது மருந்துப் பட்டியல் என்று சொல்லிவிட்டு, அம்மாவின் கட்டைப்பையிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார். ரத்த அழுத்தத்துக்கான ராமிப்ரில் அட்டையில் அவர் கை நின்றது.

அந்த வகை மாத்திரைகள் உடலில் ஒரு நொதியைத் தடுத்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கின்றன. பிராடிகைனின் என்னும் பொருளைச் சிதைப்பதும் அதே நொதிதான் என்பதால், அது தடுக்கப்படும்போது அப்பொருள் தேங்கி, மூச்சுக்குழாய் நரம்புகளைத் தூண்டி, தொண்டையில் அரிப்போடு கூடிய வறட்டு இருமலை உண்டாக்குகிறது. மாத்திரை தொடங்கிய சில நாளிலும் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம் என்பதால்தான் பலருக்கு மாத்திரையின் மேல் சந்தேகமே எழுவதில்லை. எந்த சிரப்பும் இதை முழுதாக அடக்காது. எடுத்த எடுப்பில் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, ரத்த அழுத்தம் எகிறிவிடும் என்று அழுத்திச் சொல்லி, வேறு வகை ரத்த அழுத்த மாத்திரையான டெல்மிசார்டனுக்கு மாற்றி எழுதிக் கொடுத்து, ஊரில் அம்மாவைப் பார்க்கும் மருத்துவருக்கும் ஒரு கடிதம் தந்தார். பெரும்பாலோருக்கு ஒன்று முதல் நான்கு வாரங்களில் குறையும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும் என்றார். அம்மாவுக்குப் படிப்படியாகக் குறைந்து இப்போது அறவே இல்லை.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது பையின் அடியில் கிடந்த அதிமதுரம். இருமலுக்கு நல்லது என்று அம்மா நாள் முழுவதும் அதை வாயில் அடக்கிக்கொண்டிருந்தார். அதிமதுரத்திலுள்ள கிளிசிரைசின், அளவு மீறினால் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை உயர்த்தும், பொட்டாசியத்தைக் குறைக்கும். அதாவது மாத்திரை தந்த இருமலுக்கு, அந்த மாத்திரையின் வேலையையே கெடுக்கும் வேரை மென்றிருக்கிறார். இதைச் சொன்னபோது மருத்துவரின் குரலில் ஏளனம் துளியும் இல்லை. “அம்மா, வெந்நீர் குடிங்க, உப்புத் தண்ணியில தொண்டைய அலசுங்க, இஞ்சித் தண்ணி கொஞ்சம் குடிச்சாலும் தப்பில்ல. இது மட்டும் உங்களுக்கு வேண்டாம்” என்றார். நாட்டு மருந்தை மதித்து, ஆனால் மருந்தாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும் மருத்துவர்கள் நமக்கு மிகவும் தேவை.

அடுத்து நுரையீரல் செயல்பாட்டுச் சோதனையான ஸ்பைரோமெட்ரி. மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, முழு மூச்சை இழுத்து ஒரே வீச்சில் வெளியே தள்ள வேண்டும். அரைகுறையாக ஊதினால் முடிவு தவறாகிவிடும் என்பதால் சொல்லிக் கொடுப்பவரின் திறமை இதில் முக்கியம். இங்குள்ள பெண் ஊழியர் அம்மாவின் முன் தானும் குனிந்து நின்று, “ஊதுங்கம்மா, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்” என்று தன் மூச்சும் வாங்க உற்சாகப்படுத்தினார். மூன்று முறையாவது சரியாக வரும்வரை, நடுவே ஓய்வு கொடுத்து, முகம் சுளிக்காமல் மறுபடி செய்ய வைத்தார்.

என் தம்பியின் இருமலைக் கண்டுபிடித்ததும் இதே சோதனைதான். அவனுக்கு விடியற்காலையிலும், தூசியில் பைக் ஓட்டி வந்த பிறகும் இருமல் வரும். வீசிங் சத்தம் கிடையாது. முதலில் ஒருமுறை ஊதச் செய்து, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தைக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் செய்தபோது, ஆஸ்துமாவுக்கு அடையாளமாகக் கொள்ளும் 12 விழுக்காடு, 200 மில்லி லிட்டர் என்ற வரம்பைத் தாண்டி, வெளியே ஊதும் காற்றின் அளவு கூடியது. இருமலை மட்டுமே அறிகுறியாகக் காட்டும் ஆஸ்துமா என்றார்கள். இன்ஹேலர் பழகிவிடும் என்று பயந்தவனிடம், மருந்து நேராக மூச்சுக்குழாய்க்கே போவதால் மைக்ரோகிராம் கணக்கில் போதும் என்று விளக்கி, ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் குழலில் இன்ஹேலரைப் பொருத்தி, மெதுவாக இழுத்து, பத்து விநாடி மூச்சை அடக்கி, பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புவது வரை அவனையே செய்து காட்டச் சொன்னார்கள்.

காத்திருக்கும் இடத்தில் குழந்தைகளுக்கான இருமல் மருந்து குறித்துத் தமிழிலும் கன்னடத்திலும் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில், டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு வேதிப்பொருள் கலந்த இருமல் சிரப்பைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்தச் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதன் பிறகு மத்திய அரசு, இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதக் கூடாது, ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவுறுத்தியது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதியிருக்கிறார்கள். எல்லா மருந்துக் கடை வாசலிலும் இருக்க வேண்டிய தாள் அது.

குறைகளும் உண்டு. மூச்சுத் திணறலோடு வருபவர்களுக்கான இடத்தில் லிஃப்ட் இல்லாததை ஏற்க முடியவில்லை, படியும் செங்குத்து. குறித்த நேரத்துக்குப் போனாலும் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முன்னால் போனவரிடமும் மருத்துவர் அதே பொறுமையோடு பேசிக்கொண்டிருப்பார். ஸ்பைரோமெட்ரி அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே கிடைக்கிறது. ஆலோசனைக்கு 800 ரூபாய், சோதனைக்கு 1,200 ரூபாய் என்பது இந்த ஊரில் அதிகமில்லை என்றாலும், தினக்கூலிக் குடும்பங்களுக்குப் பாரம்தான். அவர்களிடம் மறைக்காமல் அரசு மருத்துவமனைக்கு வழி சொல்கிறார்கள் என்பதை நானே கேட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மையங்களில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம், ராஜீவ் காந்தி மார்பு நோய் நிலையத்துக்கும் போகலாம் என்று ஒரு கட்டடத் தொழிலாளியிடம் தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

சளியில் ரத்தம் வந்தாலோ, மூச்சு முட்டினாலோ இங்கே முன்பதிவு செய்து காத்திருக்காமல் அவசர சிகிச்சை உள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும். மற்றவர்கள் காலை நேரத்துக்கே பதிவு செய்யுங்கள், சோதனைக் கருவி பிற்பகலில் இயங்குவதில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். ஏற்கெனவே இன்ஹேலர் எடுப்பவர்கள், எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும் என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.