சட்டைப்பைத் தராசு: எடை சரி, காசு போலி

வங்கிக் கவுண்டரில் காசு எண்ணியே விரல் காய்த்தவன் நான். ஓய்வு பெற்றபின் பல நாட்டுக் காசு சேர்க்கிறேன். 'கள்ளக்காசை நொடியில் கண்டுபிடிக்கும்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, 0.01 கிராம் வரை காட்டும் இந்தச் சட்டைப்பைத் தராசை வாங்கி மூன்று மாதமாகிறது.

எடை காட்டுவதில் குறையில்லை. பிரிட்டனின் 12 பக்க ஒரு பவுண்ட் காசு 8.75 கிராம். என்னிடமிருந்த ஆறும் அதையொட்டியே நின்றன. மின்விசிறி ஓடினால் மட்டும் கடைசி இலக்கம் சாமியாடுகிறது.

சிக்கல் ஒரு 2 யூரோவில் வந்தது. அக்கா மகன் பயணம் முடிந்து வந்து கொட்டிய சில்லறையில் கிடந்தது. அசல் 8.5 கிராம், தராசு 8.48 என்றது. தேய்மானம் என்று விட்டிருப்பேன், ஆனால் விரல் ஒப்பவில்லை. எழுத்தெல்லாம் சோப்பில் அழுத்தியதுபோல மழுங்கல். காந்தத்தை எடுத்தேன். அசல் காசின் நடுவட்டத்தில் நிக்கல் அடுக்கு இருப்பதால் அங்கே லேசாக ஒட்டும், வெளிவளையம் ஒட்டவே ஒட்டாது. இதுவோ வளையத்தோடு பாய்ந்து கவ்விக்கொண்டது!

தராசைத் திட்டிப் பயனில்லை. கவுண்டரில் காசுப் பையை எடைபோடுவதே எண்ணிக்கைக்காகத்தான். ஒரு பவுண்ட் காசு இருபது கொண்ட பை 175 கிராம் இருக்க வேண்டும். உள்ளே ஒரு போலி இருபது சென்டிகிராம் குறைந்தால் யாருக்குத் தெரியும்? போலியைப் பிடிப்பது காசு பிரிக்கும் இயந்திரம். உருண்டோடும் காசின் விட்டம், தடிமனோடு மின்காந்தச் சுருளால் உலோகக் கலவையையும் பார்த்துவிடும். யூரோ நாடுகளில் வங்கிக்கு வந்த காசைச் சோதிக்காமல் மறுபடி புழக்கத்தில் விடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-இன் 1210-ஆம் எண் ஒழுங்குமுறை அப்படிச் சொல்கிறது. பிடிபட்ட போலியைத் திருப்பித் தர மாட்டார்கள், ஈடும் கிடையாது. அந்தச் சேதியை வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலையிலேயே கசப்பானது.

பழைய வட்ட பவுண்டுக்கும் இந்தத் தராசு அரைத்துணைதான். 2017 அக்டோபர் 15-இல் அது செல்லாமல் போகுமுன், ஏறக்குறைய முப்பதுக்கு ஒன்று போலி என்பது பிரிட்டனில் காசு அச்சடிக்கும் ராயல் மின்ட்டின் மதிப்பீடு. அதில் விளிம்பைப் படிக்க வேண்டும். படத்துக்கு உரிய வாசகம் ஒன்று, விளிம்பில் இருப்பது வேறு என்றால் கள்ளம். இடவலமாகத் திருப்பும்போது பின்பக்கப் படம் சாய்ந்து நின்றாலும் சந்தேகம்தான்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். எடை குறைந்த மட்டமான போலியை உடனே காட்டிக்கொடுக்கும், அதற்கு வாங்கலாம். ஒரு நட்சத்திரம் விளம்பரத்தின் வாய்க்கொழுப்புக்காகக் குறைத்தேன். இன்னொன்று, அளவு சரிபார்க்க 100 கிராம் எடைக்கல் வேண்டும் என்று கையேட்டில் எழுதிவிட்டு, அதைப் பெட்டியில் வைக்காததற்கு.